லயத்து வீடு யாருடைய வீடு?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். எலிக்கே தனி வளை வேண்டுமென்றால், நாற்பது ஆண்டு காலம் பனியிலும் மழையிலும் மரம் சீவிய மனிதனுக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தோழர்கள் முன்பும், நம்மோடு ஆபீசில் கணக்கெழுதும் சிப்பந்திகள் முன்பும் இன்று வைக்க விரும்புகிறோம்.

ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வரை ஒரு முறை போய் வாருங்கள். முன்பு இரு புறமும் கித்தா மரங்களும் செம்பனையுமாக இருந்த இடங்களில் இன்று வேலியும் விளம்பரப் பலகையும் நிற்கின்றன. பூஞ்சாக் ஆலாம் பெரிய நகரமாகிவிட்டது. கோலாலம்பூர் பக்கத்திலிருந்து நம் மாவட்டத்துக்கு வரும் நெடுஞ்சாலை 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மாவட்ட மன்றமாக இருந்த கோலா சிலாங்கூர் 2021ஆம் ஆண்டு நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. நாடு வளர்கிறது, நல்லது. வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகைகளில் நாலு லட்சம், ஐந்து லட்சம் வெள்ளி என்று விலை எழுதியிருக்கிறதே, அந்த வீடுகளில் ஒன்றிலாவது, அந்த மண்ணைத் திருத்திய தொழிலாளியின் மகன் குடியேற முடியுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நம் கண்முன் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெரியவரின் பெயரும் வேண்டாம். இளமையில் பால் வெட்டியவர். மரங்களை வீழ்த்திச் செம்பனை போட்ட பிறகு குலை சுமந்தவர். அவருக்கு வயது வந்துவிட்டது. செக்ரோலில் அவர் பெயர் நிற்கும் கடைசி மாதம் முடிந்தது. அதே வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் தயாரானது. அதைத் தட்டெழுதியது நாம்தான். சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வாசகம் இருந்தது.

பெரியவர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சன்னலருகே வந்து நின்றார். "தம்பி, முப்பத்திரண்டு வருசமா அந்த வீட்டுக்கு நான் பூட்டே போட்டதில்லை. எந்தச் சாவியைக் கேக்குறீங்க?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. பிறகு, கொல்லையில் தம் மனைவி வைத்த முருங்கை மரத்தை என்ன செய்வது என்று கேட்டார். அதற்கும் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் மரம் தோட்டத்தின் சொத்து. வீடு தோட்டத்தின் சொத்து. அவர் மட்டும் எவருடைய கணக்கிலும் இல்லாதவர்.

அன்றுதான் நமக்கு ஒன்று விளங்கியது. லயத்து வீடு ஒரு நாளும் நம் வீடாக இருந்ததில்லை. அது வேலையின் ஒரு பகுதி. பால் வாளியும் கத்தியும் எப்படியோ, அப்படியே வீடும். வேலை முடிந்ததும் வாளியைத் திருப்பிக் கொடுப்பது போல் வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வேலையோடு கட்டிய வீடு

இது இன்று நேற்று வந்ததல்ல. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று நம் பாட்டன்மாரைத் திரட்டிய காலத்தில், தங்க இடம் தருவோம் என்பதும் ஒரு வாக்குறுதி. 1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பின்னர், தோட்டங்களுக்கு ஆள் வருவது பெருகிற்று. வந்தவர்களை வைக்க நீள நீளமான லயங்கள் எழுந்தன. ஓர் அறை, ஒரு திண்ணை, பின்னால் ஒரு குசினி. ஆள் வேலையை விட்டு வேறு தோட்டத்துக்கு ஓடாதிருக்க வேண்டும். பெரட்டுக்கு விடியுமுன் வந்து நிற்க வேண்டும். லயம் கட்டப்பட்டதன் நோக்கம் அதுதான். தொழிலாளி குடும்பம் நடத்தி, கிழவனாகி, பேரனை மடியில் வைத்துக்கொள்ளும் இடமாக அதை யாரும் எண்ணிக் கட்டவில்லை.

வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் தொழிலாளி வாய் திறப்பது கடினம். 1941ஆம் ஆண்டு கிள்ளானில் தொடங்கி நம் கோலா சிலாங்கூர் வரை பரவிய வேலைநிறுத்தத்தை மூத்தோர் அறிவர். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், கூலி உயர்வோடு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் தொழிலாளர் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் மாண்டனர். வேலை போனால் அன்றிரவே பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும் என்று தெரிந்தும் போராடினார்களே, அவர்களுடைய துணிவை எண்ணிப் பாருங்கள்.

பிறகு சங்கம் வளர்ந்தது. 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. லயங்களின் கேவல நிலையை எதிர்த்து நம்மவர் ஓயாது குரல் கொடுத்தனர். 1966ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்ச வசதிச் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டு அது புதுச் சட்டமாகத் திருத்தி எழுதப்பட்டது. 2019ஆம் ஆண்டு மீண்டும் திருத்தம் கண்டு, தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்களுக்கும் விரிந்தது. தண்ணீர், மின்சாரம், கழிவறை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் சட்டத்தின் வாயிலாக வந்தவை. அவற்றை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும் இச்சட்டங்கள் எல்லாம் வேலையில் இருப்பவன் எப்படிப்பட்ட வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லுகின்றனவே ஒழிய, வேலை முடிந்தவன் எங்கே இருப்பான் என்று சொல்லவில்லை. நாம் ஐந்தும் பத்துமாக வசதிகளைக் கேட்டுப் பெற்றோம். உரிமையைக் கேட்க மறந்தோம்.

"இலவசம்" என்ற பொய்

"தோட்டம் உங்களுக்கு இலவச வீடு கொடுத்ததே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நம்மவரிலேயே சிலர் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். கிராணி என்ற முறையில் இதற்குக் கணக்கோடு பதில் சொல்லுவது நம் கடமை.

சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் முதலாளிமார் என்ன சொல்லுவார்கள்? "வீடு தருகிறோம், தண்ணீர் தருகிறோம், ஆகவே வெளித் தொழிலாளியோடு உங்களை ஒப்பிடாதீர்கள்" என்பார்கள். வீட்டைக் காட்டித்தான் நம் கூலி குறைக்கப்பட்டது. குறைந்த அந்தத் தொகை என்ன? அதுதான் வாடகை! மாதம் 50 வெள்ளி மட்டுமே இப்படிக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 600 வெள்ளி. நாற்பது ஆண்டுக்கு 24,000 வெள்ளி. நம் நாட்டில் 1980களிலும் 1990களிலும் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த விலை 25,000 வெள்ளி! ஆக, அந்தப் பெரியவர் தம் வாழ்நாளில் ஒரு மலிவு விலை வீட்டின் விலையை ஏறத்தாழ முழுவதும் செலுத்திவிட்டார். ஆனால் வீடு கிடைக்கவில்லை, ரசீதும் கிடைக்கவில்லை. கிடைத்தது சாவி கேட்டு ஒரு கடிதம்.

ஆகவே, லயத்து வீடு தானம் என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுவோம். அது நம் கூலியில் கட்டிய வீடு. தொழிலாளி ஓய்வு பெறும்போது வீடு கேட்பது பிச்சையன்று. கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது.

கூலி எங்கே, விலை எங்கே?

சரி, வெளியே போய் வீடு வாங்கிக்கொள்ளட்டும் என்பார்கள். அதையும் கணக்குப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் ஒரு வீடு தாங்கக்கூடிய விலையில் இருப்பதாகக் கசானா ஆய்வுக் கழகம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டு அறிக்கையில் அளவுகோல் வைத்துப் பார்த்தது. அந்த அளவுப்படி ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் 61,200 வெள்ளி வரைதான் தாங்கும். கணவனும் மனைவியும் இருவரும் உழைத்தால் 1,22,400 வெள்ளி. நாலு லட்சம் வெள்ளிப் பலகைக்கும் இந்தத் தொகைக்கும் இடையே உள்ள பள்ளத்தை எந்தத் தொழிலாளி தாண்டுவான்?

மலிவு விலை வீடு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1998ஆம் ஆண்டு அரசாங்கம் அதன் விலையை இடத்துக்கு ஏற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தியது. அந்த விலை நம் கைக்கு எட்டும். ஆனால் அத்தகைய வீடு பெரும்பாலும் அடுக்குமாடியில்தான் கிடைக்கிறது. அதற்கும் காத்திருப்போர் வரிசை நீளம். முட்டி தேய்ந்த பால்வெட்டுக்காரியை நாலாம் மாடிக்கு ஏறச் சொல்லுவது நியாயமா? மண்ணில் கால் வைத்தே வாழ்ந்தவர்களுக்குக் கொல்லை இல்லாத வாழ்வு அரை வாழ்வுதான்.

வயது இன்னொரு தடை. அறுபதை எட்டியவருக்கு எந்த பேங்க் முப்பது ஆண்டுக் கடன் கொடுக்கும்? கடன் கேட்க வேண்டிய வயதில், அதாவது இருபத்தைந்திலும் முப்பதிலும், "நமக்குத்தான் தோட்டத்து வீடு இருக்கிறதே" என்று இருந்துவிடுகிறோம். தோட்டத்து வீடு இல்லாமற்போகும் வயதில் கடன் கிடைப்பதில்லை. இலவச வீடு என்ற எண்ணம் நமக்குச் செய்த இரண்டாவது தீங்கு இது.

ஐந்து தோட்டங்கள் தரும் பாடம்

இப்போது நம் வட்டாரத்துக்கே வருவோம். நம் பெற்றோர் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்த ஊர் 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. அதைச் சார்ந்த மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் கதை வட சிலாங்கூரில் எல்லோரும் அறிந்தது. நிலம் கைமாறியது. தோட்ட வேலை போயிற்று. ஆனால் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. மனுக்கள் எழுதப்பட்டன, கூட்டங்கள் நடந்தன, தேர்தல்கள் வந்து போயின. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடியது. முடிவில் 2023ஆம் ஆண்டுதான், மத்திய அரசாங்கமும் சிலாங்கூர் அரசாங்கமும் நிலவுடைமை நிறுவனமும் சேர்ந்து, 20 ஏக்கர் நிலத்தில் 245 குடும்பங்களுக்கு வீடு கட்ட உடன்பட்டன.

இந்த உடன்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். விடாது போராடிய அந்தத் தோட்ட மக்களுக்கு நம் வணக்கம். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். 2023இல் முடிந்த காரியம் நிலம் கைமாறிய அன்றே ஏன் முடியவில்லை? ஐம்பது வயதில் மனுவில் கைநாட்டு வைத்தவர் எழுபத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டுமா? அத்தனை காலம் உயிரோடு இருப்போம் என்று எவராவது எழுதிக் கொடுத்தார்களா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 20 ஏக்கரில் 245 வீடு என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு. நூறு குடும்பம் வாழும் ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த நூறு குடும்பத்துக்கும் வீடு கட்ட ஒன்பது ஏக்கர் போதும். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! நிலத்தை விற்று வரும் லாபத்தில் இது எம்மாத்திரம்? முடியாதது என்று சொல்லுவோர் இந்தக் கணக்கைத் தவறென்று காட்டட்டும்.

நம் மாநிலத்தின் தென்புறத்திலும் ஒரு பாடம் உண்டு. 1990களில் புத்ராஜெயா எழுவதற்காகப் பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலுக்கு அனுப்பப்பட்டு, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடிவைக்கப்பட்டனர். ஏறத்தாழ 400 குடும்பங்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கட்டடங்களில் வெடிப்புகள் கண்டன. தரை வீடு வேண்டுமென்று அவர்கள் பல்லாண்டு போராட வேண்டியதாயிற்று. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் விட்டவர்களின் நிலை இது. வீடு கிடைத்தால் போதும் என்று அவசரத்தில் கையெழுத்திட்டால் என்ன வரும் என்பதற்கு டிங்கில் ஓர் எச்சரிக்கை.

மற்றோர் பக்கமும் பார்ப்போம்

லயம் என்ற சொல் நமக்கு மட்டும் சொந்தமன்று. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகள் இன்றும் லயத்துக்கு எதிராகப் போராடுகிறார்கள். அங்கே குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி, தனி வீட்டோடு உறுதிப்பத்திரமும் வேண்டும் என்பது கோரிக்கை. இந்திய அரசாங்கம் முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017ஆம் ஆண்டு மேலும் 10,000 வீடுகளுக்கு வாக்களித்தது. தமிழ்நாட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் குத்தகை 1929இல் தொடங்கி 2028இல் முடிகிறது. 2024ஆம் ஆண்டு அங்கே தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்பும் ஏற்பாடு வந்ததும், தலைமுறை தலைமுறையாய் மலையில் வாழ்ந்தவர்கள் "இனி எங்கே போவோம்?" என்று கேட்டு நீதிமன்றம் வரை சென்றனர். கித்தாவோ தேயிலையோ, தொழில் எதுவாயினும், வேலையோடு வீட்டைக் கட்டிய இடமெல்லாம் முடிவு இதுதான்.

ஆனால் நம் நாட்டிலேயே வேறு வழியும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 1956ஆம் ஆண்டு தொடங்கிய பெல்டா திட்டத்தில், கித்தாவும் செம்பனையும் பயிரிட்ட குடியேற்றக்காரருக்கு வீடும் நிலமும் சொந்தமாகும் ஏற்பாடு இருந்தது. யார் மீதும் பொறாமை கொண்டு இதை நாம் சொல்லவில்லை. அதே மரத்தைச் சீவி, அதே குலையை வெட்டி வாழ்பவன் தன் வீட்டுக்கு உடைமையாளனாக முடியும் என்று இந்த நாடே காட்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்லுகிறோம். ஒருவருக்கு முடிந்தது மற்றவருக்கு ஏன் முடியாது?

நம்மவரும் வழி தேடாமல் இல்லை. வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்றுத் தொழிலாளரைத் தெருவில் விட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தந்த சிறு சிறு தொகையைச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். தொழிலாளியின் பத்து வெள்ளி தனியாக இருந்தால் ஒரு நாள் செலவு. ஒன்று சேர்ந்தால் ஒரு தோட்டம். அந்தப் பாடம் இன்றைக்கும் பழசாகிவிடவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று. பெஸ்தாரி ஜெயா அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு, இந்நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நடப்பட்டது. நட்ட துரை ஹென்றி பொக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்வைப் பற்றிப் புத்தகம் எழுதி, 1930ஆம் ஆண்டு பிரான்சின் கொங்கூர் பரிசும் பெற்றார். தோட்டத்தின் பெயரே தமிழ்! நம் மொழி அந்த மண்ணுக்குப் பெயர் கொடுத்தது. ஆனால் அந்த மண்ணில் நம் பெயருக்கு ஒரு பட்டா இல்லை.

சிப்பந்தித் தோழர்களுக்கு ஒரு சொல்

இவ்விடத்தில் நம் இனத்தாராகிய கிராணிமார்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. நமக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. கொஞ்சம் பெரிய வீடு, முன்னால் பூந்தொட்டி. அதனால் லயத்துப் பிரச்சினை நமக்கு வேறு என்று எண்ணுகிறோம். அந்தக் குவார்ட்டர்ஸ் யாருடையது? நாமும் ஒரு நாள் மேசையைக் காலி செய்வோம்; அன்று சாவி கேட்டு நமக்கும் ஒரு கடிதம் வரும். தட்டெழுதுகிறவர் வேறொருவராக இருப்பார், அவ்வளவுதான்.

கிராணிமாரிடம் தொழிலாளிக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அது கணக்கு. யார் எந்த ஆண்டு வேலைக்கு வந்தார், எந்த வீட்டில் குடியிருக்கிறார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் நம் கையெழுத்தில் உள்ளது. நிலம் கைமாறிய பிறகு, "இவர் இந்தத் தோட்டத்தில் வேலை செய்ததற்கு என்ன சான்று?" என்று கேட்பார்கள். பழைய சம்பளச் சீட்டும் ஊழியர் சேமநிதிச் சீட்டும் இல்லாமல் எத்தனை பேர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்! உரியவர்களுக்கு அவர்களுடைய சேவைக்காலச் சான்றைக் கேட்கும்போது முறைப்படி கிடைக்கச் செய்வது துரோகமல்ல. அது நம் தொழில் தருமம்.

நாம் கேட்பது என்ன?

வெறும் புலம்பலோடு நிறுத்துவது சங்கத்தாருக்கு அழகல்ல. நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, முதலில் வீடு, பிறகுதான் நில மாற்றம். நம் அரசமைப்பில் நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்க வேண்டுமானால் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை விதிக்கலாம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை என்று 214A பிரிவு சொல்லுகிறது. கதவு இருக்கிறது, காவலாளியும் இருக்கிறான். கதவைத் திறக்குமுன் தொழிலாளிக்கு வீடு எங்கே என்று காவலாளி கேட்க வேண்டும். இதுதான் நம் தலையாய கோரிக்கை. விளைநிலம் மனைநிலமான மறுகணம் அதன் மதிப்பு பன்மடங்காகிறது. நிறுவனம் அனுமதிக்காகக் கைகட்டி நிற்கும் நேரம் அது ஒன்றுதான். அந்த நேரம் தவறினால், பிறகு கைகட்டி நிற்பது நாமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, வீடு தரை வீடாக, தோட்டத்து மண்ணிலேயே, அல்லது பிள்ளைகளின் பள்ளிக்கும் கோயிலுக்கும் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். மக்களைத் திசைக்கொன்றாகச் சிதற விட்டால் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளை குறையும். பிள்ளை குறைந்தால் பள்ளியும் நிலைக்காது. வீட்டுப் பிரச்சினை வீட்டோடு நிற்பதில்லை.

மூன்றாவது, விலை கூலியைப் பார்த்து வைக்கப்பட வேண்டும். மேலே சொன்ன 61,200 வெள்ளிக் கணக்கை அடிப்படையாக வைத்துப் பேசுவோம். சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு தொகை முன்பணமாகக் கழிக்கப்பட வேண்டும்.

நான்காவது, ஓய்வு பெற்றும் தோட்டத்திலேயே குடியிருக்கும் முதியோரும் விதவைகளும் பட்டியலில் சேர வேண்டும். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். நிறையில் ஆணுக்கு இணையாக மரம் வெட்டியவளுக்கு வீட்டில் பாதி உரிமை இல்லையென்றால் அது என்ன நியாயம்?

"நட்ட ஈடு கொடுத்துவிட்டோமே" என்று நிறுவனங்கள் சொல்லும். வேலை இழப்புக்குக் கொடுப்பது வேறு, வீடு இழப்புக்குக் கொடுக்க வேண்டியது வேறு. ஒன்றைக் கொடுத்து இரண்டையும் தீர்த்துக்கொள்ள இடந்தரக் கூடாது. "கித்தா விலை விழுந்துவிட்டது, தோட்டத்தில் லாபமில்லை" என்றும் சொல்லுவார்கள். கித்தாவில் லாபமில்லாதிருக்கலாம், நிலத்தில் லாபம் இருப்பதால்தானே விற்கிறார்கள்?

நம் கடமை

கேட்பது ஒரு பாதி. செய்வது மறு பாதி. ஒவ்வொரு தோட்டத்திலும் கமிட்டி கூடி, வீடு வாரியாகக் குடும்பப் பட்டியல் ஒன்றை இப்போதே எழுத வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு எழுதுவது தீப்பிடித்த பின் கிணறு தோண்டுவது. சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், சேமநிதிச் சீட்டு ஆகியவற்றை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் போடாமல் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள். நிலம் விற்கப்படுகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லுகிறோம். தோட்டத்து வீட்டை நம்பி இருக்காதீர்கள். சேமநிதியில் 2024ஆம் ஆண்டு முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் செஜாத்ரா என்னும் கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தரும் அரசாங்கத் திட்டம் ஒன்று இயங்குகிறது. முப்பது வயதுக்குள் விசாரியுங்கள். புது மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வாங்கத் தெரிந்த நமக்கு வீட்டுக்கடன் மட்டும் புரியாது என்பது இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் தனியாகக் கையெழுத்திடாதீர்கள். கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ வெள்ளியைத் திணித்து, "உனக்கு மட்டும்தான் இது, அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்லாதே" என்று எவர் வந்தாலும், அந்தக் காகிதத்தை முதலில் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஐந்து தோட்டத்து மக்கள் கால் நூற்றாண்டு கழித்தாவது வென்றார்கள் என்றால், அவர்கள் சேர்ந்து நின்றதால்தான்.

அந்தப் பெரியவர் இப்போது மகள் வீட்டில், பட்டணத்தில், ஒரு வாடகை அறையில் இருக்கிறார். முருங்கை மரம் லயத்தோடு சேர்ந்து போயிற்று. அவருக்கு நாம் பதில் சொல்லத் தவறினோம். அடுத்த பெரியவர் சன்னலருகே வந்து நிற்கும்போது, அவர் கையில் சாவி கேட்கும் கடிதம் இருக்கக்கூடாது. தம் சொந்த வீட்டின் சாவியே இருக்க வேண்டும். அதற்கு வழி சங்கத்தில் இருக்கிறது. வாரீர், தோழர்களே! இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக வீட்டை எழுதுவோம்.